புதுக்கடைக்குப் பஸ் ஏறுமுன்: பிளக்கில் கரண்ட் வராத என்ஜின்

புதுக்கடை என்றால் நாட்டில் பாதிப் பேருக்கு நீதிமன்றம்தான் ஞாபகத்துக்கு வரும். கறுப்புக் கோட்டு, தவணைத் திகதி, கோப்புக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள். 1656இல் கொழும்பு முற்றுகையில் செத்துப்போன ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்டின் பெயரை அரசாங்கக் காகிதங்களில் இன்னும் சுமந்துகொண்டிருக்கிற மேடு அது. வள்ளத் தொழில் செய்கிறவனுக்கு அங்கே வேறு அலுவல். நீதிமன்றத் தொகுதியைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் பஞ்சிகாவத்தை. நட்டு, போல்ற்று, வயர், கொயில் என்று உதிரிப்பாகங்களுக்கென்றே ஒரு தெரு. புத்தளத்திலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களும், முகத்துவாரத்திலிருந்து முச்சக்கரவண்டியில் பத்து நிமிடத்தில் வருகிறவர்களும் அங்கே ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “சீடிஐ பெட்டி இருக்கா?”

பத்தில் எத்தனை பேருக்கு, பிளக்குக்கு உரிய நேரத்தில் கரண்டை அனுப்பும் அந்தப் பெட்டி உண்மையில் தேவைப்படுகிறது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் தேவைப்படாமலே அதை வாங்கியவர்களில் நானும் ஒருவன். கற்பிட்டியில் ஒரு 25 குதிரைவலு என்ஜின். கயிற்றை எத்தனை தரம் இழுத்தும் பிடிக்கவில்லை. பிளக்கில் கரண்ட் இல்லை. ‘பெட்டி போய்விட்டது’ என்று கரையில் நின்ற மூன்று பேர் தீர்ப்புச் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். விடியப்புறம் கொழும்புக்குப் பஸ் ஏறி, கேட்ட விலையைக் கொடுத்து, மறுநாள் பூட்டினால் அப்போதும் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் வயர் மூடிக்கு அடியில் ஓர் இரும்பு விளிம்போடு உரசி, தோல் கழன்று, என்ஜின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஐந்து அங்குல இன்சுலேசன் ரேப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “தம்பி, கரண்ட் சாமான் திருப்பி எடுக்கிறதில்ல” என்றார் கடை நானா. அதில் அவர் பிழை ஒன்றுமில்லை. சுவரில் எழுதியே வைத்திருந்தார்.

ஆகவே இந்த அத்தியாயம் காசு செலவில்லாத இடத்தில் தொடங்கி, செலவு கூடிய இடத்துக்குப் படிப்படியாகப் போகிறது. நம் கரைகளில் அதிகமாக ஓடும் டூ-ஸ்ட்ரோக் வெளியிணைப்பு என்ஜின்களை, அதிலும் பெற்றோலில் பிடித்து மண்ணெண்ணெயில் ஓடுகிறவற்றை, மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில், குற்றம் கரண்டிலா எண்ணெயிலா?

பத்துத் தரம் கயிறு இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்து எண்ணெய் மணத்தால், எண்ணெய் உள்ளே வருகிறது, நெருப்புத்தான் இல்லை அல்லது பலம் போதவில்லை. எலும்புபோலக் காய்ந்திருந்தால் எண்ணெய் வந்துசேரவில்லை. அப்படியானால் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு, தாங்கியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, கை பம்ப் உருண்டை இறுகுகிறதா, வடிகட்டிக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

மண்ணெண்ணெய் என்ஜினில் மூன்றாவது வழக்கு ஒன்றும் உண்டு. நேற்று வந்து கரைதட்டியபோது பெற்றோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்தியிருந்தால், காபரேட்டரில் தேங்கி நிற்பது மண்ணெண்ணெய். குளிர்ந்த என்ஜினில் அது ஆவியாகாது. பிளக்கை நனைத்துப் பொறியைக் கொன்றுவிடும். கரண்ட் நன்றாகவே இருக்கும், என்ஜின் மட்டும் பிடிக்காது. காபரேட்டர் அடித்திருகைத் திறந்து வடித்து, பிளக்கைக் காயவைத்து, பெற்றோலில் இழுத்தால் பெரும்பாலும் முதல் ஐந்து இழுப்புக்குள் பிடித்துவிடும். கரைக்கு வருமுன் கடைசிச் சில நிமிடங்கள் பெற்றோலில் ஓட்டவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டபோது அந்தச் சில நிமிடங்களை மிச்சம் பிடித்தவர்களை நான் கண்டேன். அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரே இரவில் தாவியது. வயிற்றுப்பாடு அப்படி, யாரையும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த மிச்சம் பிளக்கிலும் கயிற்றிலும் தோள்மூட்டிலும் திரும்பிப் போய்விடும்.

சிவப்புக் கிளிப்

சிரிக்காதீர்கள். கையில் அல்லது இடுப்பில் கட்டும் சுருள் கயிற்றின் முனையிலுள்ள கிளிப் சுவிட்சில் ஏறாமல் இருந்தால், உலகத்தில் எந்த மெக்கானிக்காலும் அந்த என்ஜினைப் பிடிக்கவைக்க முடியாது. இருட்டில், அவசரத்தில், பாதி செருகப்பட்ட கிளிப்பே நான் கண்ட ‘பெரிய பழுதுகளில்’ மிகுதி. கிளிப் தொலைந்ததற்காகச் சுவிட்சில் நைலோன் கயிறு சுற்றி வைத்திருக்கிறவர்கள் இன்னும் மோசம். கயிறு தளர்ந்தால் நடுக்கடலில் என்ஜின் நின்றுவிடும், ஆள் தண்ணீரில் விழுந்தால் நிற்காது.

கியர் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல என்ஜின்களில் கியர் போட்டிருந்தால் கயிறே இழுபடாது. அது கரண்ட் குற்றம் அல்ல, பாதுகாப்புப் பூட்டு.

பிளக் சொல்லும் கதை

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி இளந் தேநீர்ச் சாய நிறத்தில் இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. காய்ந்த கரி படிந்திருந்தால், அதிகம் மெதுவாக ஓட்டுகிறீர்கள், அல்லது மண்ணெண்ணெய்க்கு மிக முன்னதாக மாற்றுகிறீர்கள், அல்லது ஒயில் கூடிவிட்டது. வலை இழுக்கும்போது மணிக்கணக்கில் சிற்றோட்டத்தில் விடுகிற வள்ளங்களில் இது சாதாரணம். வெளுத்து, கொப்புளம்போலச் சிறு மணிகள் ஒட்டியிருந்தால் என்ஜின் சூடேறுகிறது, தண்ணீர் சுற்றோட்டத்தைப் பாருங்கள். இரண்டு சிலிண்டரின் பிளக்குகளும் இரண்டு நிறத்தில் இருந்தால், அதுவே உங்களுக்குக் கிடைத்த முதல் துப்பு.

கரிந்த பிளக்கைப் பெற்றோலில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் மெல்லத் தேய்த்துக் காயவிடலாம். இரும்புத் தூரிகை வேண்டாம். அது பீங்கானில் இரும்புக் கோடு போட்டுவிடும், கரண்ட் அந்தக் கோட்டுவழியே நழுவி ஓடும். பீங்கானில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கழுவி நேரத்தை வீணாக்காமல் கடலில் அல்லாது குப்பையில் போடுங்கள்.

இடைவெளி முக்கியம். பிளக் எண்ணின் கடைசியில் ‘10’ என்று இருந்தால், என்ஜிகே கம்பனியின் கணக்கில் அது 1.0 மில்லிமீற்றர் இடைவெளி. ஃபீலர் கேஜ் கையில் இல்லாவிட்டால் வங்கி அட்டையை எடுங்கள். அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். அட்டை நுழைந்து கொஞ்சம் ஆடவேண்டும். இடைவெளி தேய்ந்து அகலமாகிவிட்டால் பலங்குறைந்த கொயிலால் அதைத் தாண்ட முடியாது. கரையில் வெறுங்காற்றில் பொறி தெறித்த அதே பிளக், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறியதும் ஊமையாகிவிடும்.

எண்ணின் நடுவில் வரும் 6, 7, 8 வெப்ப எண். அதே என்ஜிகே கணக்கில் எண் கூடக்கூடப் பிளக் குளிர்ச்சியானது. B7HS வகைப் பிளக்குகள் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களுக்குப் போட்டவற்றின் உறவுக்காரர். மரை பொருந்திவிடும் என்பதற்காக வெப்ப எண்ணை மாற்றிப் போடாதீர்கள். மண்ணெண்ணெய் என்ஜினுக்குச் சொல்லப்பட்டதைவிடக் குளிர்ந்த பிளக் போட்டால் கரி தன்னை எரித்துக்கொள்ளாது, இரண்டு நாளில் மறுபடி கழற்றுவீர்கள். உங்கள் என்ஜினுக்குரிய எண் கையேட்டில் இருக்கும். அதை மூடியின் உட்புறத்தில் பெயின்ற்றால் எழுதி வையுங்கள்.

பூட்டும்போது கையால் முழுவதும் திருகி, வளையம் முட்டியபின் சாவியால் புதுப் பிளக்கை அரைச் சுற்று மட்டும். அலுமினியத் தலை. மரை போனால் அந்தச் செலவு சீடிஐ பெட்டியை மறக்கடித்துவிடும்.

பொறி பார்க்கும் முறை

எல்லாரும் செய்கிற சோதனை, பாதிப் பேர் பிழையாகச் செய்கிற சோதனை. பிளக்கைக் கழற்றி, தொப்பியில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பை என்ஜினின் வெறும் உலோகத்தில் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுப்பது. இதில் மூன்று கவனம்.

சிலிண்டர் ஓட்டையிலிருந்து பெற்றோல் ஆவி சீறும். பொறி அதற்குப் பக்கத்தில் தெறித்தால் முகம் கருகும். ஓட்டையைத் துணியால் அடைத்து, பிளக்கை எட்டவாக வையுங்கள். அடுத்தது, அங்கே பிறப்பது பல்லாயிரம் வோல்ற். ஈரக்கையால் பிடிக்கக்கூடாது. இன்சுலேசன் உள்ள குறட்டால் பிடியுங்கள், அல்லது பற்றரி வயர் கிளிப்பால் உடம்போடு கட்டிவிடுங்கள். மூன்றாவது, இரண்டு சிலிண்டர் என்ஜினில் இரண்டு பிளக்கையும் ஒருங்கே தரையிணைப்புச் செய்யவேண்டும். சில என்ஜின்களில் ஒரே கொயிலிலிருந்து இரண்டு வயர் புறப்படும். ஒன்று அந்தரத்தில் தொங்கினால் மற்றதன் பொறியும் கெடும், கரண்ட் போக வழியில்லாவிட்டால் கொயிலுக்கும் பெட்டிக்கும் ஆபத்து. ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் தொப்பியைப் பிடுங்கி ‘எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை’ என்று பார்க்கும் பழைய பழக்கத்தைச் சீடிஐ என்ஜினில் விட்டுவிடுங்கள்.

இழுப்பு வேகமாக இருக்கட்டும். இந்த என்ஜின்களில் பற்றரி இல்லை. பிளைவீலில் இருக்கும் காந்தம் கொயிலைத் தாண்டிப் பாய்ந்தால்தான் கரண்டே பிறக்கும். சோம்பி இழுத்தால் நல்ல என்ஜினிலும் பொறி வராது.

நீலமாக, ‘டிக் டிக்’ என்று சத்தத்தோடு தெறித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாக, செம்மையாக, மெல்லிய நூல்போல வந்தால் பலமில்லை. வெயிலில் பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லவேண்டாம், நிழலில் பாருங்கள். பொழுது விடியுமுன் கடலுக்குப் போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மூடியைக் கழற்றி இருட்டில் ஓடும் என்ஜினைப் பார்த்தால், வெடித்த தொப்பியிலிருந்தோ வயரிலிருந்தோ நீலப் பொறி உடம்புக்குப் பாய்வது கண்ணாலேயே தெரியும். தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

இனிக் கணக்கு. ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லை என்றால் குற்றம் அந்தச் சிலிண்டருக்கே சொந்தமான பொருளில்: பிளக், தொப்பி, வயர், தனிக் கொயில் இருந்தால் அது. பிளக்குகளை இடம் மாற்றுங்கள். குற்றமும் கூடவே மாறிப்போனால் குற்றவாளி பிளக். இரண்டிலும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவானவற்றைப் பார்க்கவேண்டும், அதில் முதலாவது நிறுத்தும் வயர்.

நிறுத்தும் வயர்

இது இந்த அத்தியாயத்தின் நடு. சிவப்புப் பொத்தானை அமுக்கும்போது என்ன நடக்கிறது? கரண்ட் பிளக்குக்குப் போகாமல் உடம்புக்குத் திருப்பிவிடப்படுகிறது, அவ்வளவுதான். ஆக, அந்த வயர் எங்காவது உடம்பைத் தொட்டாலோ, சுவிட்சுக்குள் உப்பு நீர் புகுந்து பாலம் போட்டாலோ, யாரோ எந்நேரமும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

யமஹா என்ஜின்களில் சுவிட்சிலிருந்து பெட்டிக்குப் போவது வெள்ளை வயர், உடம்புக்குப் போவது கறுப்பு. வெள்ளை வயரின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மறுபடி பொறி பாருங்கள். பொறி வந்துவிட்டால் பெட்டி நல்லது, கொயில் நல்லது, கொழும்புப் பயணம் ரத்து. சுவிட்சையோ வயரையோ மாற்றினால் சரி. கழற்றியபடியே என்ஜினைப் பிடிக்கவைத்தால் அது பொத்தானுக்கு நிற்காது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்தவேண்டும் என்பதை மறக்காதீர்கள். கடலில் மாட்டிக்கொண்டால் கரைவரை இப்படி வரலாம். அதையே வழக்கமாக்கினால் அந்தச் சிவப்புக் கயிறு வெறும் அலங்காரம்.

மல்டிமீற்றர் இருந்தால் இன்னும் தெளிவு. பஞ்சிகாவத்தையில் மலிவாகக் கிடைக்கும் ஒன்று போதும். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே பீப் சத்தம் பொத்தானை அமுக்கினால் அல்லது கிளிப்பைக் கழற்றினால் மட்டுமே வரவேண்டும். கிளிப் இருக்க, பொத்தான் விட்டிருக்கச் சத்தம் வந்தால் சுவிட்ச் செத்தது.

தொப்பி, வயர், கொயில்

நம் கடலில் என்ஜினைக் கொல்வது தேய்மானத்தைவிட உப்பு. தொப்பியைத் திருகிக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கும். வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டி, பளபளக்கும் செம்பு தெரிந்தபின் மறுபடி திருகிச் செருகினால், புதுக் கொயில் வாங்கவேண்டும் என்று நினைத்த பல என்ஜின்கள் உயிர்பெற்றுவிடும். சில மாதிரிகளில் வயர் கொயிலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், இழுத்துப் பார்க்காதீர்கள். தடை உள்ள தொப்பி என்றால் மீற்றரில் ஐயாயிரம் ஓம் அளவில் காட்டவேண்டும். முடிவிலி காட்டினால் மாற்றுங்கள், அது பெரிய செலவில்லை.

கொயிலின் உடம்பை என்ஜினோடு இணைக்கும் திருகையும் கறுப்பு வயரையும் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். அந்த இணைப்பில் துருப்பிடித்தால் கொயில் எத்தனை நல்லதாக இருந்தும் பயனில்லை. புல்லற் கனெக்டர்கள் ஒவ்வொன்றையும் இழுத்துத் துடைத்து, இன்சுலேசன் கிரீஸ் தடவி மறுபடி செருகுவது அரைமணி வேலை.

கொயிலின் உட்சுற்று, வெளிச்சுற்று ஓம் அளவுகளைக் கையேட்டோடு ஒப்பிடலாம். உட்சுற்று ஓர் ஓமுக்கும் குறைவாக இருப்பது வழமை, வெளிச்சுற்று ஆயிரக்கணக்கில். ஆனால் ஓம் சரியாக இருந்தும் கொயில் பொய் சொல்லும். அதுதான் சூட்டுக் குற்றம். காலையில் ஒரே இழுப்பில் பிடிக்கும். இருபது நிமிடம் ஓடி, கரை மறைகிற நேரம் பார்த்து நின்றுவிடும். அரைமணி ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் நடக்காததுபோலப் பிடிக்கும். சூட்டில் சுருளின் பூச்சு விரிந்து கரண்ட் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. ஆறியபின் கரைக்குக் கொண்டுவந்து அளந்தால் எல்லாம் சரியாகக் காட்டும். நின்ற உடனே, சூட்டோடு சூடாகப் பொறி பார்த்தால்தான் பிடிபடும். பிளைவீலுக்கு அடியிலுள்ள சார்ஜ் கொயிலுக்கும் இதே குணம் உண்டு.

பிளைவீலுக்கு அடியில்

இங்கே இறங்குமுன் யோசியுங்கள். பிளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். காந்தம் உதிரும், கிராங்க் முனை வளையும். புல்லர் இரவல் வாங்குங்கள்.

அடியில் இருப்பவை இரண்டு: கரண்ட் பிறப்பிக்கும் சார்ஜ் கொயில், எப்போது பொறி தெறிக்கவேண்டும் என்று பெட்டிக்குச் சைகை கொடுக்கும் பல்சர் கொயில். இரண்டின் ஓம் அளவுகளையும் பிளைவீலைக் கழற்றாமலே வெளிக் கனெக்டரில் அளக்கலாம். அளவு சரி, நிறுத்தும் வயர் சரி, கொயில் சரி, எல்லா இணைப்பும் சுத்தம், அப்படியும் பொறி இல்லை என்றால்தான் மிஞ்சியிருப்பது சீடிஐ பெட்டி. அதை வீட்டு மீற்றரால் நேராகச் சோதிக்க முடியாது. உச்ச வோல்ற் அளக்கும் கருவி உள்ள பட்டறைக்குப் போகலாம், அல்லது அதே மாதிரி என்ஜின் வைத்திருக்கும் அயல் வள்ளக்காரரிடம் பெட்டியைப் பத்து நிமிடம் கடன் கேட்கலாம். நானாயிருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன்.

பெட்டிக்குப் பதிலாகப் பிளாட்டினம் முனைகள் உள்ள பழைய என்ஜின் வைத்திருப்பவர்கள் பெட்டியைத் தேடவேண்டியதில்லை. முனைகளை மென்மையான அரத்தாளால் துடைத்து, இடைவெளியைக் கையேட்டின்படி, சாதாரணமாக 0.35 மில்லிமீற்றர் அளவில், வைத்தால் போதும்.

இன்னொன்று. நீல நிறத்தில் அருமையான பொறி, எண்ணெயும் வருகிறது, ஆனால் என்ஜின் கயிற்றைத் திருப்பிப் பிடுங்கிக் கையை உதைக்கிறது, அல்லது காபரேட்டர் வழியே ‘டப்’ என்று வெடிக்கிறது. பாறையில் அல்லது மணல்திட்டில் அடிபட்ட பிறகு இப்படியென்றால், பிளைவீலைக் கிராங்கில் நிறுத்தும் சிறிய அரைவட்ட ஆப்பு வெட்டுப்பட்டிருக்கலாம். கரண்ட் உண்டு, பிழையான நேரத்தில் வருகிறது. ஆப்பு மிகச் சின்னச் சாமான்.

கடைக்குப் போகும்போது

கழற்றிய பழைய பொருளைக் கையோடு கொண்டுபோங்கள், பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். ‘யமஹா 40’ என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரிகள் உண்டு, ஒன்றின் பெட்டி மற்றதற்குப் பொருந்தாது. கனெக்டர் ஒத்திருந்தும் வேலை செய்யாமல் போகலாம். என்ஜினின் பிடிப்பலகைக்கு அருகிலுள்ள தகட்டில் மாதிரி எழுத்துகளும் தொடர் இலக்கமும் இருக்கும். கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், உப்பு அதைத் தின்னுமுன். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான்களே பெரும்பான்மை. வயர், கனெக்டர், பிளக், மீற்றர் ஆகியவற்றுக்கு அது போதும். சீடிஐ பெட்டிக்கும் கொயிலுக்கும் போட் என்ஜின் உதிரிகளையே விற்கும் கடைகளிலும் முகவரிடமும் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பாவித்த பெட்டி வாங்கினால், என்ஜினில் பூட்டிப் பார்க்கும்வரை திருப்பித்தர அவகாசம் உண்டா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள், பின்னர் கேட்டுப் பயனில்லை. காகிதப் பற்றுச்சீட்டு இல்லாத பேச்சு புதுக்கடை நீதிமன்றத்திலும் எடுபடாது.

சோளகத்தில் மேற்குக் கரை வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் மாதங்களில்தான் இந்தக் குற்றங்கள் பெரும்பாலும் முளைக்கின்றன. நிறுத்துமுன் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவி, பிளக் ஓட்டையில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஒயில் விட்டுக் கயிற்றை மெல்ல இழுத்து, மூடிக்குள் ஈரம் போக்கும் ஸ்பிறே அடித்து நிமிர்த்தி வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றவேண்டாம், ஈரம் உள்ளேயே வியர்க்கும்.

வள்ளத்தில் ஒரு பிளாஸ்ரிக் டப்பா. இறுக்கமான மூடி. உள்ளே இடைவெளி சரிபார்த்த இரண்டு பிளக், பிளக் சாவி, ஒரு தொப்பி, அரை மீற்றர் வயர், இரண்டு புல்லற் கனெக்டர், இன்சுலேசன் ரேப், காய்ந்த துணி, ஸ்டார்ட்டர் பழுதானால் பிளைவீலில் நேராகச் சுற்றி இழுக்க முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. மேலதிகச் சிவப்புக் கிளிப்பை மட்டும் உள்ளே போடவேண்டாம். மூடியின் மேலே கட்டித் தொங்கவிடுங்கள், டப்பாவைத் தேடுகிற அவசரத்தில் முதலில் கையில் தட்டுப்படவேண்டியது அதுதான்.